திருவிழாவும் பாடகனின் சந்தையும்: வன்னிப் பெருநிலத்து இசைஞர் வாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

நமது இசை வரலாறுகள் பண்ணையும் தாளத்தையும் பாடாந்தரத்தையும் பேசும் அளவுக்குப் பாடியவன் எதனை உண்டு வாழ்ந்தான் என்பதைப் பேசுவதில்லை. கூத்தின் ஆட்டமுறைகளை நுணுகி ஆராய்ந்த நூல்கள் பல உள. அண்ணாவியாருக்கு யார், எப்பொழுது, எதனைக் கூலியாகக் கொடுத்தனர் என்ற வினாவுக்கு அவற்றிற் கிடைக்கும் விடை ஓரிரு வாக்கியங்களே. கலையைச் சமூக உற்பத்தி உறவுகளோடு இணைத்து நோக்குவோர் இவ்வினாவைக் கடந்து செல்ல முடியாது.

இன்று இது ஆய்வு வினாவாக மட்டும் நின்றுவிடவில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தாமே பாட்டெழுதி, தாமே இசையமைத்து, சிறியதோர் அறையில் ஒலிப்பதிவு செய்து வெளியிடும் இளைஞரும் யுவதியரும் உளர். நிறுவனம் எதனையும் சாராத இவர்கள் பண்டிகைக் காலத்தையே தமது விற்பனைக் காலமாக எதிர்பார்க்கின்றனர். தீபாவளியிலும் நத்தாரிலும் தைப்பொங்கலிலும் ஊர்க்கோயில் திருவிழாவிலும் மக்கள் கையிற் பணம் புழங்கும். அப்போது பாட்டும் விலைபோகும் என்பது இவர்களது கணக்கு. கணக்கிற் பிழையில்லை. ஆயினும் பாட்டு பரவுகின்ற அளவுக்குப் பணம் வந்து சேர்வதில்லை. மக்கள் இசையை மதிப்பதில்லை என்று சிலர் இதற்குக் காரணம் கூறுவர். அது மேலோட்டமான விடை. காரணம் மக்களின் மனத்தில் இல்லை; பாடுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையே வரலாறு அமைத்துவைத்த உறவில் உள்ளது.

மூலதனம் நூலுக்கென எழுதப்பட்டு மார்க்சின் வாழ்நாளில் வெளிவராது போன பகுதியொன்றில், பாடகியொருத்தியின் மூன்று நிலைகள் வேறுபடுத்திக் காட்டப்படுகின்றன. பறவையைப் போலத் தன்னியல்பாற் பாடுபவள் ஒருத்தி. தன் பாட்டைத் தானே விற்பவள் இன்னொருத்தி. பணம் ஈட்டும் நோக்குடைய முதலாளியொருவனால் அமர்த்தப்பட்டுப் பாடுபவள் மற்றொருத்தி. குரல் ஒன்றே, உழைப்பும் ஒன்றே. உறவு மாறும்போது அவ்வுழைப்பின் சமூகப் பண்பு மாறிவிடுகின்றது. வன்னி இசைஞனின் வரலாற்றை இவ்வளவுகோலால் அளந்து பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படும். முதலாம் நிலையும், பிறரால் அமர்த்தப்படும் நிலையின் பல வடிவங்களும் இங்கு இருந்தன. தன் பாட்டைக் கேட்போனுக்குத் தானே விற்கும் இடைநிலை மட்டும் வேரூன்றவேயில்லை.

2

வன்னி குளங்களை நம்பிய நாடு. அடர்ந்த காடுகளுக்கிடையே குளத்துக்கொரு சிற்றூராக மக்கள் சிதறி வாழ்ந்த நிலையை 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய நூலிற் காணலாம். இத்தகைய சமுதாயத்தில் இசை வேளாண் உழைப்பின் ஓர் உறுப்பாக இருந்தது. அரிவு வெட்டும்போதும், சூடு மிதிக்கும்போதும், காவற்பரணில் விழித்திருக்கும்போதும் பாட்டு பிறந்தது. பயிரை அழிக்கும் பன்றியையும் குருவியையும் பொருளாகக் கொண்ட பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு ஆகியன இவ்வுழைப்புச் சூழலின் விளைவுகள். பாடியவனும் கேட்டவனும் ஒருவனே. ஆகவே விலை என்ற வினா அங்கு எழவில்லை.

உழைப்பிலிருந்து பிரிந்து தனித்தொழிலாக நின்ற இசை குடிமை முறைக்குள் அடங்கியது. பறைமேளம் முழக்கியோர் சாதியமைப்பினாற் பிணிக்கப்பட்டோர். ஊரின் நன்மை தீமைகளில் முழக்குவது அவர்களுக்கு விதிக்கப்பட்ட கடமை. அறுவடையில் அளந்து விடப்பட்ட நெல் அதற்கான ஊதியம். இதனைச் சந்தை உறவென்று கூறமுடியாது. விலைபேசும் உரிமையோ மறுக்கும் உரிமையோ கலைஞனுக்கு இருக்கவில்லை. பழைய கிராமத்தில் கலைஞர் போற்றப்பட்டு வாழ்ந்தனர் என்று உருகி எழுதுவோர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர்.

கூத்தின் நிலை சற்று வேறானது. முல்லைத்தீவுப் பகுதியிற் சிறப்புற்ற கோவலன் கூத்து ஊரவர் கூடிப் பழகி ஆடியது. அண்ணாவியாருக்குக் கிடைத்தது பெரும்பாலும் அன்பளிப்பு என்ற பெயரிலேயே வந்தது. மட்டக்களப்பில் அரங்கேற்றத்தின் பின்னர் வீடுவீடாகச் சென்று ஆடிப் பணமும் பொருளும் பெறும் வழக்கம் இருந்ததை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். ஊரே ஆடி ஊரே பார்த்த கலையில் நுழைவுச்சீட்டுக்கு இடமில்லை.

இவையனைத்துக்கும் நாட்காட்டியை வகுத்தது நெல்லே. காலபோக அறுவடை தை முதல் பங்குனி வரை நிகழும். கடன் தீர்த்து மிஞ்சிய நெல்லும் காசும் சித்திரை, வைகாசி மாதங்களிற் குடியானவன் கையில் இருக்கும். வன்னியின் பெருவிழாவான வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசியில் நிகழ்வதை இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிற் சடங்குகளோடு தொடர்புபட்டு, கடல்நீரில் விளக்கெரிக்கும் நம்பிக்கையோடு, நந்திக்கடலோரத்தில் நடைபெறும் அப்பொங்கல் வழிபாடு மட்டுமன்று. அறுவடைக்குப் பிந்திய சந்தையுமாகும். மண்பானை முதல் வளையல் வரை அனைத்தும் அங்கு விலைபோயின. பாட்டு மட்டும் விலையின்றிக் கிடைத்தது.

3

1905இல் வவுனியா, கிளிநொச்சி வழியாக வடபகுதிக்கான இருப்புப்பாதை முழுமைபெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் இரணைமடுக்குளம் கட்டப்பட்டதும், 1930களிலிருந்து கிளிநொச்சியிற் குடியேற்றங்கள் அமைந்ததும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் பணப்பொருளாதாரத்தை வன்னிக்குள் கொணர்ந்தன. அதனோடு உபயத் திருவிழா மரபும் வலுப்பெற்றது. திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஓர் உபயகாரருக்கு உரியது. நேற்றைய உபயத்தைவிட இன்றைய உபயம் சிறக்க வேண்டும் என்ற போட்டியில் நாதஸ்வர தவிற் கச்சேரிகளும், சின்னமேளமும், இசை நாடகமும், பின்னர் மெல்லிசைக் கோஷ்டிகளும் அமர்த்தப்பட்டன. காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான மேடைகளில் நடித்தது இவ்வமைப்பின் ஆதரவினாலேயே இயன்றது.

இது முன்னைய நிலையைவிட ஒரு படி முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. கலைஞன் விலைபேசினான், புகழுக்கேற்ப விலை உயர்ந்தது. ஆனால் அவன் விலைபேசியது கேட்போனோடு அன்று, உபயகாரரோடு. கேட்போன் வீதியிற் பாய் விரித்து விடியும்வரை இலவசமாகக் கேட்டான். கேட்பதற்குப் பணம் கொடுப்பது தனக்குரிய கடமை அன்று, பெரிய மனிதர் ஒருவரின் தருமம் என்ற மனப்பழக்கம் இவ்வாறு உறுதிப்பட்டது. யாருக்கு மேடை, யாருக்கு மேடையில்லை என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமும் பணம் கொடுத்தவருக்கே உரியதாயிற்று. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களாற் பெயர்க்கப்பட்டு வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் கூலி விவசாயிகளாகக் குடியமர்ந்த மலையகத் தமிழர் தப்பிசையையும் காமன் கூத்தையும் உடன் கொணர்ந்தனர். பெருங்கோயில்களின் திருவிழா மேடைகளில் அவற்றுக்கு இடம் அரிதாகவே கிடைத்தது. காரணம் இசையின் தரத்தில் இருக்கவில்லை.

விழாக்காலத்தை இசைச் சந்தையாக மாற்றுவது எங்ஙனம் என்பதை வேறிடங்களின் வரலாறு காட்டும். வங்காளத்தில் கிராமபோன் கம்பனி 1914 முதல் துர்க்கா பூசைக்கெனத் தனியாக இசைத்தட்டுகளை வெளியிட்டது. புத்தாடையோடு புதுப்பாட்டையும் வாங்குவது அங்கு நடுத்தர வர்க்கத்தின் வழக்கமாயிற்று. பூசைப் பாட்டு என்றொரு வகையே உருவாகியது. சென்னையில் 1927 டிசம்பரிற் காங்கிரஸ் மகாசபையையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து தோன்றிய சங்கீத வித்வத் சபை, மார்கழி இசைவிழாவுக்கு அடித்தளமிட்டது. நீதிமன்றங்களும் அலுவலகங்களும் நத்தார் விடுமுறையில் மூடப்படும் காலம் அது. வழக்கறிஞரும் அரச அலுவலரும் ஓய்வாக இருக்கும் காலமே இசைப் பருவமாயிற்று. சென்னையின் இசைப் பருவத்தை வகுத்தது உத்தியோக வர்க்கத்தின் விடுமுறை. வன்னியின் இசைப் பருவத்தை வகுத்தது நெல்லறுவடை. இவ்வேறுபாடு பின்னர் நாம் கூறவிருக்கும் முடிவுக்கு இன்றியமையாதது.

எளிய மக்களிடையேயும் நேரடி விற்பனை இயலாததன்று. சென்னைக் குசிலிக்கடைத் தெருவில் அச்சான மலிவுப் பாட்டுப் புத்தகங்கள் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் புகைவண்டிகளிலும் பாடிப் பாடியே விற்கப்பட்டன. சில பக்கங்களே கொண்ட அப்புத்தகத்தைக் கூலியாளும் வாங்கினான். கேட்ட பாட்டைக் கையிற் கொண்டு செல்லக்கூடிய ஒரு பொருளாக அது மாற்றிக் கொடுத்தது. பாடுவோன், கேட்போன், வாங்குவோன் ஆகியோர் ஒரே இடத்திற் சந்தித்த அரிய வடிவம் அது.

4

1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் உள்நாட்டுக் கலைக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. ஈழத்து மெல்லிசைப் பாடல்கள் வானொலியில் இடம்பெற்றதும் பொப்பிசைப் பாடல்கள் பரவியதும் அக்காலத்திலேயே. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஒலிநாடாக் கருவிகள் பெருவாரியாக வந்தன. கசெற் மலிவானது, கையடக்கமானது, எவரும் பதிவு செய்யத்தக்கது. பாட்டு முதன்முறையாக வன்னிக் குடியானவனும் வாங்கத்தக்க பண்டமாயிற்று. இதுவே நமது இசைஞன் மார்க்ஸ் குறிப்பிட்ட இரண்டாம் நிலைக்கு வந்திருக்கக்கூடிய வாய்ப்பு.

அவ்வாய்ப்பு ஏன் கைநழுவியது? எவரும் பதிவு செய்யத்தக்கது என்ற அதே பண்பினால், படியெடுக்கும் கருவியை உடையவனே பண்டத்தின் உடைமையாளனானான். நகர்ப்புறத்து ஒலிப்பதிவுக் கடை, வெற்று நாடாவுக்கும் பதிவுக் கூலிக்கும் பணம் பெற்றது. பாட்டுக்கென எவருக்கும் எதுவும் கொடுக்கப்படவில்லை. கடைக்காரரின் ஒழுக்கக் குறையாக மட்டும் இதனைக் கொள்வது தவறு. உற்பத்திச் சாதனம் யாரிடம் உள்ளதோ அவரிடமே மிகை சென்று சேரும் என்ற பொதுவிதியின் சிற்றுருவே இது. கடைகளை நிறைத்தது தமிழ்நாட்டுத் திரைப்படப் பாட்டு. திருவிழாக்களின் ஒலிபெருக்கியில் முழங்கியதும் அதுவே. உள்ளூர்ப் பாடகன் அப்பாடல்களை மேடையிற் பிரதி செய்து கூலி பெறுவோனாக ஒடுங்கினான்.

5

1990இல் மீண்டும் போர் மூண்டதும் வன்னி பொருளாதாரத் தடைக்குள்ளாயிற்று. தடை செய்யப்பட்ட பொருள்களுள் மின்கலமும் ஒன்று. மின்சாரமற்ற ஊர்களில் மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவினால் உண்டாகும் மின்சாரத்தில் மக்கள் வானொலியும் பாட்டும் கேட்டனர். ஒருவர் சுற்ற மற்றவர் கேட்பர். சுற்றும் வேகம் குறைந்தாற் பாட்டும் இழுபடும். இசைக்கு விலை கொடுக்க விரும்பாத மக்கள் என்று வன்னி மக்களைக் கூறுவோர் இக்காட்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்கள் தமது உடலுழைப்பையே விலையாகக் கொடுத்துப் பாட்டுக் கேட்டனர்.

அக்காலப் பாடல்களை ஆக்கி வெளியிட்டது விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கலைப் பிரிவு. அப்பாடல்களின் அரசியலை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இசைஞனின் வாழ்வு நிலையினின்று நோக்கின், உபயகாரரின் இடத்தில் அமைப்பு அமர்ந்தது என்பதே ஈண்டுக் கூறத்தக்கது. ஒலிநாடாவும் பின்னர் இறுவட்டும் நினைவுநாள்களையொட்டி வெளிவந்தன, விலைக்கும் விற்கப்பட்டன. ஆயினும் பாடகன் விற்பவனாக இருக்கவில்லை. 2002இன் போர்நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது தென்னிலங்கை, தமிழ்நாட்டு இறுவட்டுகளும் கள்ளப் பிரதிகளும் ஒருங்கே உள்நுழைந்தன.

2009 மே மாதத்தில், வற்றாப்பளையிலிருந்து அதிக தொலைவில்லாத முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தது. கருவிகளும் ஒலிநாடாச் சேகரங்களும் குறிப்பேடுகளும் அழிந்தன. அவற்றை உடையோர் பலரும் மாண்டனர். மீள்குடியேறிய ஊர்களில் முதலிற் கட்டியெழுப்பப்பட்டவற்றுட் கோயில்களும் அடங்கும். புலம்பெயர்ந்தோர் அனுப்பிய பணம் கோபுரங்களாயிற்று. கோயில்தோறும் பத்திப்பாடல் இறுவட்டாகவும் ஆயிற்று. தேர்த்திருவிழா நாளில் இறுவட்டை வெளியிடுவது வடபகுதியெங்கும் ஒரு சடங்காகவே மாறியது. 2017 பெப்ரவரியில் மறைந்த பாடகர் எஸ். ஜி. சாந்தன், போர்க்காலப் பாடல்களால் அறியப்பட்டவர். போரின் பின்னர்க் கோயிற் பாடல்களையும் பாடினார். ஒரே குரல், இரு காலங்கள். இரண்டிலும் பாட்டைப் பணித்தவர் வேறு, கேட்டவர் வேறு என்ற அமைப்பு மாறவில்லை.

கோயில் இறுவட்டின் பொருளியல் எளியது. வெளிநாட்டு அன்பரொருவர் செலவை ஏற்பார். கவிஞருக்கும் பாடகருக்கும் இசையமைப்பாளருக்கும் ஒருமுறைக் கொடுப்பனவு கிடைக்கும். இறுவட்டு அடியார்க்கு இலவசமாகவோ கோயில் நிதிக்காகவோ வழங்கப்படும். அடுத்த ஆண்டுத் திருவிழாவில் அதே பாட்டு முழங்கும்போது பாடியவருக்கு உரியது எதுவுமில்லை. உபய முறை கடல் கடந்து சென்று மீண்டும் வந்திருக்கின்றது.

6

இவ்வரலாற்றை ஒருங்கே நோக்கும்போது ஒரு முடிவு தெளிவாகின்றது. வன்னி இசைஞனுக்குக் கேட்போர் எக்காலத்தும் இருந்தனர். அவனிடம் வாங்கியவர் எக்காலத்தும் இடையில் நின்ற ஒருவரே. ஊர்ப் பெரியவர், உபயகாரர், கசெற் கடை, அமைப்பு, புலம்பெயர்ந்த அன்பர் எனப் பெயர்கள் மாறின, இடம் மாறவில்லை. இன்று அவ்விடத்தில் இணையத் தளங்கள் அமர்ந்துள்ளன. விளம்பர வருவாயிற் பங்கு பெறுவதற்கு ஆயிரம் சந்தாதாரரும் ஓராண்டில் நாலாயிரம் மணிநேரப் பார்வையும் வேண்டும் என யூடியூப் 2018இல் விதித்த வரையறை, சிற்றூர்க் கலைஞனுக்குப் பெருங்கோயிலின் மதில் போன்றது. நேர்மாறான முயற்சிகளும் இல்லாமலில்லை. 2020 மார்ச்சில், பெருந்தொற்றால் மேடைகள் மூடப்பட்டபோது, பாண்ட்காம்ப் என்ற தளம் குறித்த வெள்ளிக்கிழமைகளிற் தனது பங்கை விட்டுக்கொடுத்தது. இரசிகர் அந்நாள்களைத் தேடிப் பாட்டு வாங்கினர். ஆனால் இலங்கையிலிருப்போர் பேபால் வழியாகப் பணம் பெறும் வசதி நெடுங்காலம் இல்லாதிருந்தமையால், அத்தகைய வாயில்களும் நம்மவர்க்கு எளிதில் திறக்கவில்லை.

ஆகவே, சுயாதீன இசைஞர் விழாக்காலத்தில் விற்பது எங்ஙனம் என்ற வினாவுக்கு விளம்பர உத்திகளை மட்டும் விடையாகக் கூறமுடியாது. வரலாறு மூன்று படிப்பினைகளைத் தருகின்றது.

முதலாவது, பருவம் பற்றியது. மேலைநாட்டைப் பின்பற்றி மார்கழியை மட்டும் நம்புவது வன்னியில் பொருந்தாது. வடகீழ்ப் பருவமழை பெய்யும் அம்மாதத்தில் நெல் வயலில் நிற்கும். விதைப்புக்கும் உரத்துக்கும் செலவழித்த விவசாயி கடனில் இருப்பான். பண்டிகை முற்பணம் பெறும் அரச ஊழியரும் ஆசிரியரும் மாத்திரமே அப்போது வாங்கத்தக்கவர். விவசாயியின் கையிற் பணமிருப்பது பங்குனி முதல் வைகாசி வரையிலாகும். வெளிநாடுகளிலிருந்து உறவினர் வருவது பெரும்பாலும் ஆடி, ஆவணி விடுமுறையில். ஒரே ஆண்டில் மூன்று நாட்காட்டிகள் இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் கேட்போர் வேறு, பொருள் வேறு, விலை வேறு. யாருடைய உழைப்புக்கு எப்போது கூலி கிடைக்கின்றது என்பதை அறியாதவன் அவருக்கு எதனையும் விற்க முடியாது.

இரண்டாவது, உடைமை பற்றியது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோனின் பொருளாதார உரிமையையும் நிகழ்த்துவோனின் உரிமையையும் ஏற்கின்றது. எழுத்தில் ஒப்பந்தமின்றி ஒருமுறைக் கொடுப்பனவைப் பெற்றுக்கொண்டு மூலப்பதிவையும் கையளித்துவிடும் வழக்கம் அவ்வுரிமையைப் பயனற்றதாக்குகின்றது. கோயிலுக்காகப் பாடலாம், ஆனால் மூலப்பதிவின் ஒரு படியும், பின்னர் அதனைத் தானே விற்கும் உரிமையும் தன்னிடம் எஞ்சும்படி எழுதிக்கொள்ளல் வேண்டும். விற்கும் பொருளும் கையிற் கொண்டு செல்லத்தக்கதாய் இருத்தல் வேண்டும். இறுவட்டைச் சுழற்றும் கருவி இன்று பல வீடுகளில் இல்லை. பாட்டின் வரிகளும் அது பிறந்த கதையும் அச்சிட்ட சிறு புத்தகமும், அதனோடு ஒலிப்பதிவைத் தரும் நினைவட்டையோ தொலைபேசியால் திறக்கத்தக்க குறியீடோ சேருமாயின், குசிலிப் புத்தகத்தின் புதுவடிவம் கிடைத்துவிடும். திருவிழாவிற் பாடக் கேட்டவர் அங்கேயே அதனை வாங்குவர்.

மூன்றாவதும் முதன்மையானதும் அமைப்பு பற்றியது. திருவிழா வீதியிற் கடை போடும் இடத்தை உள்ளூராட்சி சபைகள் கட்டணத்துக்கோ ஏலத்துக்கோ விடுவது வழக்கம். தனியொரு பாடகனால் அச்செலவைத் தாங்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். வடபகுதியில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. தவறணைக் குத்தகைக்காரருக்கு அடிமைப்பட்டிருந்த சீவல் தொழிலாளர், 1970களின் தொடக்கத்திற் கூட்டுறவுச் சங்கங்களாக அணிதிரண்டு தமது உற்பத்தியைத் தாமே விற்கும் நிலையை எய்தினர். சாதியாலும் வர்க்கத்தாலும் ஒடுக்கப்பட்ட அம்மக்கள் சாதித்ததை, பாட்டை உற்பத்தி செய்வோரும் சாதிக்கலாம். அத்தகைய கூட்டுறவிற் பறைமேளக் கலைஞனுக்கும், தப்படிக்கும் கூலி விவசாயிக்கும், கணினியில் இசையமைக்கும் மாணவிக்கும் ஒரே உரிமை இருத்தல் வேண்டும். அன்றேல் பழைய உபயகாரரின் இடத்திற் புதியதோர் இடைத்தரகரையே நாம் அமர்த்தியவராவோம்.

மிதிவண்டியைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட தலைமுறை இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கின்றது. வைகாசியில் வற்றாப்பளைக்கு நடந்து செல்வோருள் அவர்களும் இருப்பர். பாட்டுக்காக உழைக்க அவர்கள் ஒருபோதும் பின்னின்றதில்லை. அவர்கள் தரும் விலை பாடியவனின் கையை நேராகச் சென்றடையும் வழியொன்றைத் திருவிழா வீதியில் அமைப்பதே நம்முன் உள்ள பணியாகும்.